படுத்தால் முட்டும் மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து என்னிடம் வந்த ஒருவர், ஏறத்தாழ ஒரு வருடமாகச் சாய்மனைக் கதிரையிலேயே உறங்கிவந்தார். சமதரையில் நடக்கையில் ஓரளவு சமாளித்த அவருக்கு, மல்லாந்து படுத்தாலும் சப்பாத்துக் கட்டக் குனிந்தாலும் மூச்சு முட்டியது. முட்டு வருத்தம் என்று நினைத்துப் பாவித்த பம்ப் பலன் தரவில்லை.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் இடப்பாதி அவருக்குச் செயலிழந்திருந்தது. அத்தசையை இயக்கும் நரம்பு கழுத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் நரம்பு வேர்களில் தோன்றி, இதயத்தை ஒட்டியே கீழிறங்குகிறது. ஆகவே கழுத்திலோ இதயத்திலோ செய்யப்படும் சத்திரசிகிச்சை, அப்பாதையில் வளரும் கட்டி ஆகியவற்றால் அது பாதிக்கப்படலாம்; சிலரில் காரணமே புலப்படுவதில்லை. எக்ஸ்ரே திரையின் முன் அவரை நிறுத்தி, மூக்கால் சட்டென உறிஞ்சச் சொன்னோம். வலப்பாதி கீழே இறங்கிய அதே கணத்தில் இடப்பாதி மேலே எழுந்ததை அவரும் பார்த்தார்.

நரம்பு தானாக மீளக்கூடும் என்பதால் வளர்ந்தவர்களில் வழமையாக 6 முதல் 12 மாதங்கள் வரை காத்திருந்த பின்னரே, தொய்ந்த அத்தசையை இறுக்கித் தைக்கும் சத்திரசிகிச்சையைச் செய்கிறோம். கைக்குழந்தைகளின் சுவாசம் பெரும்பாலும் இத்தசையையே நம்பியிருப்பதால், செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுபட முடியாத குழந்தைக்கு அவ்வளவு காலம் காத்திருப்பது தகாது.

சத்திரசிகிச்சையின்போது நாம் காண்பது, மெலிந்து தொய்ந்து, பலூன் போல நெஞ்சுக்குள் மேலெழுந்து நிற்கும் ஒரு படலத்தைத்தான். சேலைக்குக் கொசுவம் மடிப்பது போல அதை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, கரையாத நூலால் இறுகத் தைக்கிறோம். பலரில் விலாவில் இடும் சிறு துளைகளின் வழியே கமராவின் உதவியுடன் இதைச் செய்துவிடலாம். தைத்த தசை மீண்டும் அசையாது என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இறுகிய தசை மூச்சிழுக்கும்போது மேலே ஏறாது. நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். மறுபாதியின் உழைப்பும் வீணாகாது.

இரு பாதிகளும் செயலிழந்தவர்களின் நிலை வேறு. கழுத்து முள்ளந்தண்டு காயமுற்று, ஆனால் அந்த நரம்பு மட்டும் பழுதின்றி இருப்பவர்களுக்கு, மின்தூண்டல் கருவி பொருத்தித் தசையை இயக்கலாம்.

படுத்தால் மூச்சு முட்டுவது இதயப் பலவீனத்தாலும் வரும் என்பதால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். அது நன்றாக இருந்தும் முட்டு நீங்காவிட்டால், முன்பு கழுத்திலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை நடந்திருப்பின் அதையும் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.