ஹைட் 100% போட்டும் டிவ் ஏன் நீள மாட்டேங்குது?

வணக்கம் மக்களே, ஸ்கிரீன்ல பாருங்க, ஒரு டிவ் (வெப் பேஜ்ல ஒரு பெட்டின்னு வெச்சுக்கோங்க), அதுக்குள்ள ஒரு டிவ், அதுக்குள்ள இன்னொண்ணு, மூணுக்கும் வேற வேற கலர் குடுத்திருக்கேன், கடைசி டிவ்வுக்கு சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்த எழுதுற மொழி) ஹைட் 100% போட்டாச்சு, ஆனா உள்ள இருக்குற எழுத்து எவ்ளோவோ அவ்ளோதான் நிக்குது.

100%னா எதுல 100%? பேரன்ட்டோட, அதாவது அத சுத்தி இருக்குற வெளி டிவ்வோட ஹைட்ல. நாமதான் பேரன்ட்டுக்கு ஹைட்டே சொல்லலையே, அப்போ அது ஆட்டோ, ஆட்டோன்னா உள்ள என்ன இருக்குன்னு பாத்துதான் அது வளரும். குழந்தை அப்பாவ கேக்குது, அப்பா குழந்தைய கேக்குறாரு, பிரவுசர் கடுப்பாகி உன் 100%மும் ஆட்டோதான் போன்னு முடிச்சிடும். விட்த்ல இந்த ரோதனை இல்ல, ஏன்னா அகலம் மேலருந்து கீழ இறங்குது, உயரம் கீழருந்து மேல ஏறுது.

பழைய வழி என்னன்னா மொத்த பேஜையும் சுத்தி இருக்குற ஹெச்டிஎம்எல் டேக்குக்கு 100%, அதுக்குள்ள இருக்குற பாடிக்கு 100%, அப்படியே ஒவ்வொரு டிவ்வுக்கும் போட்டுக்கிட்டே வரணும். நடுவுல ஒண்ணு விட்டா சங்கிலி அறுந்துடும், ரியாக்ட்ல (வெப் பேஜ் கட்டுற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) மொத்த ஆப்பும் உக்காருற அந்த ரூட் டிவ்வ தான் எல்லாரும் மறந்துடுவாங்க. இதவிட மோசமான பொறி ஒண்ணு இருக்கு, பேரன்ட்டுக்கு மின்-ஹைட் (min-height) குடுத்துட்டு உள்ள ஹைட் 100% போடுறது. மின்-ஹைட்டுங்குறது இதுக்குக் குறையாதேன்னு சொல்றது மட்டும்தான், ஹைட் இன்னும் ஆட்டோதான், அதனால கண்ணுக்கு பேரன்ட் பெருசா தெரியும், உள்ள இருக்குறது அசையாது.

நான் பர்சன்டேஜ் பக்கமே போறதில்ல. பாடி மார்ஜின் 0, இல்லன்னா பிரவுசர் தானா ஓரத்துல விடுற அந்த 8 பிக்சல் சும்மா ஒரு ஸ்க்ரோல்பார் கொண்டாந்துடும். வெளி டிவ்வுக்கு மின்-ஹைட் 100டிவிஹெச் (dvh, அந்த நேரம் கண்ணுக்குத் தெரியுற ஸ்கிரீன் உயரம் முழுசும்), டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (உள்ள இருக்குறத வரிசையா அடுக்குறது), டைரக்ஷன் காலம் (column, மேலருந்து கீழ). விஹெச் (vh) வேணாம், அது அட்ரஸ் பார் மறைஞ்ச உயரத்த கணக்கு வெக்கும், அதனால மொபைல்ல அட்ரஸ் பார் தெரியுறப்போ அடிப்பக்கம் வெளிய போயிடும், டிவிஹெச் 2022லயே பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் வந்தாச்சு. நடு டிவ்வுக்கு ஃப்ளெக்ஸ் 1 (மிச்ச இடத்த நீயே எடுத்துக்கோன்னு அர்த்தம்), அதுக்கே திரும்ப டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், இந்த தடவ டைரக்ஷன் தொட வேணாம். வரிசைக்குக் குறுக்க எப்படி நிக்கணும்னு சொல்ற அலைன்-ஐட்டம்ஸ் எதுவும் போடலன்னா அது ஸ்ட்ரெட்ச் (இழுத்து நிரப்புறது) மாதிரிதான் வேலை செய்யும், அதனால கடைசி டிவ் தானா நீளும், அதுக்கு ஹைட்டே எழுதாதீங்க.

ஒண்ணு மட்டும், சாட் ஆப் மாதிரி உள்ள இருக்குற லிஸ்ட் மட்டும் ஸ்க்ரோல் ஆகணும்னா வெளிய மின்-ஹைட்ட தூக்கிட்டு ஹைட் 100டிவிஹெச் போடுங்க, லிஸ்ட்டுக்கு ஓவர்ஃப்ளோ ஆட்டோ (நிறைஞ்சா ஸ்க்ரோல் ஆகும்), நடு டிவ்வுக்கு மறக்காம மின்-ஹைட் 0. ஃப்ளெக்ஸ் ஐட்டம் தன் கன்டென்ட்ட விட சின்னதாக சும்மா ஒத்துக்காது, இந்த 0 போட்டாதான் சுருங்கும்.