ஓப்பனிங் பழக ஒரு தபால் ஆட்டம்

வணக்கம் மக்களே. வெள்ளவத்தையில் என்னிடம் செஸ் பழக வரும் பிள்ளைகள் அநேகம் பேர் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, பாடமாக்கித்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு, ஒன்பது நகர்த்தல் மளமளவென்று ஓடும். எதிராளி வேறு எதையாவது ஆடிவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் காய் ஏன் அங்கே வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் தபால் ஆட்டங்களைக் கொடுக்கிறேன்.

தபாலில் செஸ் ஆடிய காலத்தில் 10 நகர்த்தலுக்கு 30 நாள் என்பது வழக்கமான கணக்கு. போர்டை மேசையில் வைத்து, புத்தகத்தைப் புரட்டி, நாள் கணக்கில் யோசித்து, அப்புறம்தான் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு காய்க்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும்.

இன்றைக்கு எஸ்ட்ரின் - பெர்லினர் ஆட்டம். ஐந்தாவது உலகத் தபால் செஸ் சாம்பியன்ஷிப், 1965 முதல் 1968 வரை நடந்தது. வெள்ளை, சோவியத்தின் யாகோவ் எஸ்ட்ரின். கறுப்பு, அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர். ஓப்பனிங் டூ நைட்ஸ் டிஃபென்ஸ். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் எஸ்ட்ரின். அவருக்கு எதிராகவே அதை ஆடியிருக்கிறார் பெர்லினர்!

சரி, பத்தாவது நகர்த்தலுக்கு வருவோம். வெள்ளை ஒரு சிப்பாயை எஃப்3 கட்டத்துக்கு ஆடியிருக்கிறது. டி4 குதிரையை சி3 சிப்பாய் ஏற்கெனவே குறிவைத்திருக்கிறது, இப்போது ஜி4 பிஷப்பும் வெட்டில். இங்கே வீடியோவை நிறுத்துங்கள். கொப்பி, பேனை எடுத்து, கறுப்புக்கு என்ன ஆடுவீர்கள், ஏன் என்று எழுதுங்கள். எழுதாமல் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் ஒட்டாது.

பெர்லினர் ஆடியது இ4. இரண்டு காயையும் வெட்டில் விட்டுவிட்டு ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். எஃப்2 காலியானதும் எச்4 ராணிக்கும் இ1 ராஜாவுக்கும் நடுவில் ஜி3 குதிரை மாட்டிக்கொண்டது, அசைய முடியாது. இ5 சிப்பாய் முன்னால் போனதும் டி6இலிருந்து ஜி3 வரை வழி திறக்கிறது. எஸ்ட்ரின் டி4 குதிரையை வெட்டுகிறார், உடனே கறுப்பின் இன்னொரு பிஷப் டி6இல் வந்து உட்காருகிறது. எச்2 சிப்பாய்தான் காவலுக்கு இருக்கிறதே என்பீர்கள். அது ஜி3இல் திருப்பி வெட்டினால் எச்1 ரூக் ராணிக்குப் போய்விடும். ஒரு சிப்பாய் நகர்த்தலுக்குள் இத்தனை இருக்கிறது! எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பத்தோடு நிறுத்தாதீர்கள். 28ஆவது நகர்த்தலில் ராணிகள் போய், ரூக்கும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சுகின்றன. கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அதை வைத்து 42இல் வெற்றி. இந்த ஓப்பனிங் உங்களை எந்த மாதிரி முடிவாட்டத்துக்குக் கொண்டுபோகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உலகத் தபால் செஸ் கூட்டமைப்பான ஐசிசிஎஃப் நடத்தும் போட்டிகளில் இப்போது கணினி உதவி அனுமதி, மேல்மட்டத்தில் பெரும்பாலும் டிராதான். பழகுவதற்குக் கணினிக்கு முந்தைய ஆட்டங்களையே எடுங்கள். உங்கள் இஞ்சினை, அதாவது செஸ் கணினி நிரலை, கடைசியில் திறந்தால் போதும்.

12ஆவது நகர்த்தலில் எஸ்ட்ரின் பிஷப்பால் பி5 சிப்பாயை வெட்டி செக் கொடுக்கிறார். அதற்குப் பதில் வெள்ளைக்கு வேறு என்ன ஆடலாம் என்று எழுதி வையுங்கள். அடுத்த வீடியோவை அங்கிருந்து தொடங்குகிறேன்.