பழவேற்காட்டில் பத்திரமாக இருப்பது கல்லறைதான்

(காட்சி: பூட்டிய இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் கல் நிலைவாசல். கேமரா மெதுவாக நெருங்குகிறது.)

இந்த வாசலில் காவல் நிற்பது இரண்டு எலும்புக்கூடுகள். பயப்பட வேண்டாம், கல்லில் செதுக்கியவைதான். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உள்ளே படுத்திருப்பவர்கள் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள். "நீயும் ஒருநாள் இப்படித்தான்" என்று வருகிறவனுக்குச் சொல்லி அனுப்புவது அக்காலத்து ஐரோப்பியக் கல்லறை வழக்கம். நம்மூரில் சுடுகாட்டுக்குப் போய் வந்தவர் பேசும் பேச்சுதான் இது. அவர்கள் அதையே கல்லில் அடித்து வைத்துவிட்டார்கள்.

ஊர் பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பலரும் இங்கே வருவது பூநாரை பார்க்க, படகில் போக, நண்டு வாங்க. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்கள், ஐந்நூறு வருடத்து ஊர் ஒன்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள். விஜயநகரக் காலத்துக் கோயில், பழைய பள்ளிவாசல்கள், போர்த்துக்கீசியர் தொடங்கிய மாதா கோயில், டச்சுக் கோட்டை மேடு, இரண்டு டச்சுக் கல்லறைத் தோட்டங்கள், எல்லாமே நடக்கிற தூரத்தில்.

(காட்சி: ஏரிக்கரைப் படகுகள். அங்கிருந்து ஊருக்குள் போகும் தெரு.)

எல்லா மதமும் இங்கே எப்படி வந்து சேர்ந்தன? வியாபாரம். வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கப்பலுக்குத் தோதான இடம். பின்னால் தறி நெய்கிற ஊர்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகர அரசின் முக்கியமான துறைமுகங்களில் ஒன்று இது. இங்கிருந்து துணி மலாக்கா வரை போனது. மலாய் மொழியில் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்றைக்கும் 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். பெலிக்காட் என்பது புலிக்காட், அதாவது பழவேற்காடு. இந்த ஊரைக் கேள்விப்படாதவர்கள் அங்கே இதன் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அரபு நாட்டிலிருந்து படகில் வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. அப்புறம் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கிக் கடை விரித்தது. 1612இல் போர்த்துக்கீசியர் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். உடனே, 1613இல், கோட்டை எழும்பியது. பெயர் கெல்ட்ரியா. ஹாலந்தில் ஒரு மாகாணத்தின் பெயர் அது, கோட்டையைக் கட்டிய அதிகாரியின் சொந்த மாகாணம். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு இதுதான் தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது.

(காட்சி: சீமைக் கருவேலம் மண்டிய மேடு. ஒரு பக்கம் அகழித் தண்ணீர்.)

இதுதான் அந்தக் கோட்டை. எங்கே என்று கேட்கிறீர்களா? அதேதான், இந்த மேடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இதை இடித்துவிட்டார்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் செய்துகொண்ட 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊரே அவர்கள் கைக்கு வந்தது. இன்று மிஞ்சியிருப்பது மேடும் அகழியின் தடமும்தான். பக்கத்து மீனவர் குப்பத்துக்குக் கோட்டைக்குப்பம் என்று பெயர். கோட்டை போனாலும் பெயர் போகவில்லை.

நான் முதல் தடவை வந்தபோது இந்த மேட்டைத் தாண்டிப் போய், அரைமணி நேரம் கோட்டையைத் தேடினேன். நண்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "ஏன் தம்பி, அதுமேல ஏறி வந்துட்டு எங்கன்னு கேக்கறியே" என்றார்.

(காட்சி: மீண்டும் கல்லறை. தரையோடு பதித்த கருங்கல் பலகை ஒன்று, மிக நெருக்கத்தில்.)

இப்போது இந்தக் கல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேலே குடும்பச் சின்னம், கீழே டச்சு எழுத்து, ஓரம் முழுக்க அலங்கார வேலை. எழுத்தைத் தொட்டால் புடைத்து நிற்கும். எழுத்தைக் குழியாக வெட்டுவது சுலபம், உளி போகிற வழியில் போனால் போதும். புடைப்பாக எடுப்பதென்றால் எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள கல் முழுவதையும் கொத்தி இறக்க வேண்டும். அதுவும் இந்தக் கருங்கல்லில். இதற்குப் பெயர்போன இடம் தெற்கே இருக்கிற சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் சத்ராஸ் என்று சொன்ன ஊர். இந்தக் கரையில் செதுக்கிய கல்லறைக் கற்கள் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறின. உளி பிடித்தவர்கள் நம்மூர்க் கல்தச்சர்கள். அந்த மொழி அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வரைந்து கொடுத்ததைப் பார்த்து அடித்திருப்பார்கள். இருந்தும் ஒரு சுழிகூடப் பிசகாமல் நிற்கிறது.

இந்தத் தோட்டத்தில் 76 கல்லறைகள். தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஊரிலேயே நல்ல நிலைமையில் இருக்கிற பழைய கட்டுமானம் இதுதான். காரணம் எளிது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை. அகலப்படுத்த வேண்டும், டைல்ஸ் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டச்சுக் கம்பெனி இங்கிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை, மனிதர்களையும் ஏற்றியது. 17ஆம் நூற்றாண்டில், பஞ்சம் வந்த வருடங்களில் முக்கியமாக, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக படேவியாவுக்குப் போனார்கள். அதிகாரிகளுக்குக் குடும்பச் சின்னம் பொறித்த கல். அடிமைகளாகப் போனவர்கள் பெயருக்கு இங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

(காட்சி: ஆதிநாராயணப் பெருமாள் கோயில். சிவந்த, துளைத்துளையான கல் சுவர்.)

இது ஆதிநாராயணப் பெருமாள் கோயில், விஜயநகரக் காலம். முதலில் கண்ணில் படுவது கல்லின் நிறம். கருங்கல் கோயில்களையே பார்த்துப் பழகிய நமக்கு, சிவப்பாக, கறையான் புற்று மாதிரித் துளை விழுந்த இந்தக் கல் புதுசாக இருக்கும். இது செம்புராங்கல். வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும், கோடாலியாலேயே சீவலாம். காற்றுப்பட்ட பிறகு இறுகும். சுவருக்குத் தோதானது. ஆனால் நுணுக்கமான சிற்பத்துக்கு ஆகாது, தண்ணீரையும் உறிஞ்சும். அதனால்தான் மேலே சுண்ணாம்புக் காரை பூசினார்கள். மண்டபத்துக்குள் தேடினால் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருப்பது தெரியும். டார்ச் எடுத்துப் போங்கள். கழுத்து வலித்தால் நான் பொறுப்பில்லை.

சுண்ணாம்புக்கு எங்கே போனார்கள்? ஏரிக்குத்தான். பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமே இல்லை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால், பொங்கி உதிர்ந்து வெள்ளைப் பொடியாகும். அதோடு மணலைச் சேர்த்து அரைத்தால் காரை. கோயிலோ பள்ளிவாசலோ கோட்டையோ, இந்தக் கரையில் பழைய சுவர் எதுவானாலும் கல்லையும் செங்கல்லையும் பிடித்து வைத்தது சுண்ணாம்புதான். கும்பிடுகிற சாமி வேறு வேறாக இருந்தாலும் கொத்தனார் கை ஒன்றுதான்.

இந்தக் காரைக்கு ஒரு குணம் உண்டு. அது மூச்சு விடும். சுவருக்குள் ஏறிய ஈரம் காரை வழியாக வெளியே போய்விடும். அங்கேதான் இன்றைய ரிப்பேர் வேலை கெடுக்கிறது. நல்ல எண்ணத்தில்தான், பலமாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசுகிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்புக்காற்று ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். உப்பு கல்லின் துளைகளில் படிகமாகி உள்ளிருந்தே அதை உதிர்க்கும். வெளியே சுவர் மழமழவென்று இருக்கும். தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும். உள்ளே செம்மண்தான்.

அடுத்த எதிரி அரசங்கன்று. பறவை எச்சத்தில் விதை வந்து காரை இடுக்கில் விழும். நாலு இலை விடும்போது யாரும் கவனிப்பதில்லை. கவனித்து வெட்டினாலும் மேலே மட்டும்தான் வெட்டுவார்கள். வேர் உள்ளேயே இருந்து அடுத்த மழைக்கு இன்னும் தடிமனாகக் கிளம்பும், கல்லை நெம்பும். பழவேற்காட்டின் இன்னொரு பழைய கோயிலான சமயீசுவரர் கோயிலும் நீண்ட காலம் இப்படிச் செடி கொடியோடு போராடியதுதான். இரண்டு கோயில்களிலும் சீரமைப்பு முயற்சிகள் நடந்திருக்கின்றன.

(காட்சி: சின்னப் பள்ளிவாசல். சூரியக் கடிகாரம் நெருக்கத்தில். மேலே விழும் நிழல்.)

இது சின்னப் பள்ளிவாசல். இந்தச் சூரியக் கடிகாரத்துக்காகவே வரலாம். லுஹர் தொழுகை உச்சி சாய்ந்த பிறகு, அஸர் தொழுகை நிழலின் நீளத்தை வைத்து. ஆக, நிழலைச் சரியாக அளக்கிற கருவி பள்ளிவாசலில் இருப்பது இயல்புதான். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலும் தாமதமாகக் காட்டுவது போலத் தெரியும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, இந்த ஊரோ 80.3 பாகையில் இருக்கிறது. அதிலேயே சுமார் 9 நிமிடம் வித்தியாசம். அது போக, வருடத்தின் எந்த மாதம் என்பதைப் பொறுத்தும் சில நிமிடம் கூடும், குறையும். கடிகாரம் ஓடுவது சொந்த ஊர் நேரத்தில், தப்பு அதன்மேல் இல்லை.

மாதா கோயிலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பங்கு மிகப் பழையது, போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியது. மகிமை மாதா திருத்தலம் என்று கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். இன்று நிற்பது புதுக் கட்டடம்.

ஒரு சின்னக் கதை மட்டும் இடையில். 1632 முதல் பத்து வருடம் இந்த ஊர் டச்சுக்காரர்களுக்குப் பாதிரியாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். இங்கே தங்கியிருந்த பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து இந்து சமயம் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். டச்சுக்காரருக்கும் பிராமணருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி போர்த்துக்கீசு, அதில்தான் பேசிக்கொண்டார்கள். அந்தப் புத்தகம் 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதன்முதலில் போனது அதில்தான். அந்தப் பேச்சு நடந்த வீடோ திண்ணையோ எது என்று காட்ட இன்று ஒன்றும் இல்லை.

(காட்சி: முஸ்லிம் தெரு. திண்ணை வைத்த பழைய வீடுகள்.)

எனக்கு உண்மையான கவலை இந்தத் தெருவைப் பற்றித்தான். கல்லறைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் பார்த்துக்கொள்ள ஆளும் அமைப்பும் உண்டு. தகராறு வந்தால் கேட்க ஒரு கதவாவது இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் இருக்கிற வீட்டுக்கு? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பழைய வீட்டுக்காரர் கையில் பணம் கொடுப்பதில்லை. தமிழ்நாடு 2012இல் மரபுச் சின்னங்களுக்கென்று தனி ஆணையச் சட்டமே கொண்டுவந்தது. தெருக்களுக்கு அதன் பலன் வந்து சேரவில்லை.

மேலே பாருங்கள். இந்தக் கூரை மெட்ராஸ் டெரஸ், கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். மரச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் சுண்ணாம்போடு சாய்த்து அடுக்கிக்கொண்டே போவது. மேலே செங்கல் ஜல்லிக் காரை போட்டு நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். கோடையில் உள்ளே ஃபேன் இல்லாமலே உட்காரலாம். ஆனால் ஒரு சட்டம் செல்லரித்தால் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்தச் செலவில் காங்கிரீட் கூரை போட்டுவிடலாம் என்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(காட்சி: தெரு முனை. காலி மனை ஒன்று. ஓரத்தில் செங்கல் குவியல்.)

போன தடவை இந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது. நான் வந்து நின்ற நேரம் மினி லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மரத் தூண், ஒரு நிலை, சட்டங்கள் ஏழெட்டு. பழைய மரக்கடைக்குப் போகிறது என்றார்கள். தூணின் தலைப்பில் தாமரை மொட்டு செதுக்கியிருந்தது. அதன்மேல் கயிறு வழுக்குகிறது என்று, ஏற்றுகிற பையன் ஒரு கோணிப்பையை மடித்துச் சுற்றிக் கட்டினான்.