கால் என்ற ஒரு சொல்

(கோடை விடுமுறையில் எங்கள் ஊர் வாசகர் வட்ட விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பதினைந்து நாளாக அலைந்து இந்த விழாவை நடத்திக்காட்டியிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, தள்ளாத வயதிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நீர்ப்பாசனச் சங்கப் பெரியவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவை இன்னொரு தடவை வணங்கிக்கொள்கிறேன். மேடையேறி நாலு வார்த்தை பேச எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

'ஒரு சொல், பல பொருள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட சொல் கால். உடம்பில் உள்ள கால், கணக்கில் வரும் கால், காற்றைக் குறிக்கும் கால், தண்ணீர் ஓடும் கால் என்று நான்கையும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள்: 'காலைச் சுற்றின பாம்பு கடிக்காமல் விடாது.' இந்தச் சொல்லும் என்னை அப்படித்தான் சுற்றிக்கொண்டது. நாற்காலிக்குக் கால், கட்டிலுக்குக் கால், கல்யாணத்துக்குப் பந்தக்கால். நெல்லையப்பர் கோயிலில் ஆயிரங்கால் மண்டபம். 'கா' என்று எழுதினால் பக்கத்தில் நிற்பது துணைக்கால். வயலில் விதை பாவினால் நாற்றங்கால். வள்ளுவர் 496ஆம் குறளில் தேர்ச் சக்கரத்தையே கால் என்கிறார். நிற்பதும் கால், உருளுவதும் கால்!

கணக்குக்கு வருவோம். நாலில் ஒன்று கால், எட்டில் ஒன்று அரைக்கால். இரண்டையும் சேர்த்தால் காலே அரைக்கால், அதாவது எட்டில் மூன்று. பழைய ஆட்கள் இதை மனக்கணக்காகவே போடுவார்கள். காற்றுக்கும் கால் என்று பெயர் உண்டு. மிச்சம் இருப்பது தண்ணீர் ஓடும் கால். அதற்கு முதலில் ஒரு கதை.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. பெரியப்பா வீட்டில் புதிதாகச் சம்பந்தம் பண்ணியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சென்னைக்காரர். ஐப்பசி மாதம், ஒரு வாரமாக அடைமழை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். வீட்டில் ஆச்சி மட்டும்தான். "சம்பந்தி இல்லையா?" என்று கேட்டார். ஆச்சி, "வாங்கய்யா, உக்காருங்க. ராத்திரி கீழக்கால் ஒடைஞ்சு போச்சுல்லா, கட்டப் போயிருக்காக. பொழுதடைய வந்திருவாக" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

மனிதர் பதறிப்போனார். கால் உடைந்து கட்டுப்போடப் போயிருக்கிறார், இந்த அம்மாள் காப்பி போடுகிறாளே! வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார். ஒரு டஜன் சாத்துக்குடி, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர் வீட்டை விசாரித்துப் போனார். "அப்படி யாரும் வரலியே" என்றார் வைத்தியர். அங்கிருந்து ஆஸ்பத்திரி. அங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு வண்டிக்காரர்தான், "அவுகளா? கரையில நிக்காக, ஏறுங்க" என்று கூட்டிப்போனார். போய்ப் பார்த்தால், பெரியப்பா மருதூர் கீழக்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு காலிலும் நின்றுகொண்டு மணல்மூட்டை அடுக்குகிறார்! கூட நாற்பது பேர். சம்பந்தி பழப்பையைக் கரையில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தாமும் ஒரு மூட்டையைத் தூக்கினார். அடைத்து முடித்து எல்லோரும் கரையில் உட்கார்ந்து அந்தச் சாத்துக்குடியைத்தான் உரித்துத் தின்றார்கள்.

அன்றைக்கு ஊரே சிரித்தது. ஆச்சி சொன்னது ஊரில் அத்தனை பேருக்கும் புரியும், வெளியூர்க்காரருக்கு மட்டும் புரியவில்லை. போன மாதம் இதையே எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். "கீழக்கால் உடைந்துவிட்டது என்றால் என்ன?" எட்டுப் பிள்ளைகளும் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டின. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். அவற்றின் பெயரைக் கேளுங்கள்: மருதூர் மேலக்கால், மருதூர் கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். 'வாய்' கூட வேண்டாம், கால் என்றாலே தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால்தான் பிள்ளைகள் வாயிலும் அந்தச் சொல் ஓடும். அமலைச்செடி மூடி, உடைமரம் முளைத்து, குப்பை கொட்டிக் கிடப்பதைப் பிள்ளைகள் சாக்கடை என்றுதான் சொல்லும். அகராதியில் அந்தப் பொருள் பத்திரமாக இருந்து யாருக்கு என்ன லாபம்? 2023 டிசம்பர் மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்தக் காலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி அடைபட்ட இடங்களில் தண்ணீர் வடியாமல் நின்றதே, அதற்கு மழையைக் குறை சொல்ல முடியுமா? ஆச்சி சொன்ன பாம்பு நம் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் கிடக்கிறது.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் உள்ளே இறங்கமுடியாது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கிளைவாய்க்காலில் இறங்குகிறோம். ஊராட்சித் தலைவர் குப்பை அள்ள டிராக்டர் தருவதாக இந்த மேடையிலேயே என் காதில் சொன்னார், அவருக்கு உங்கள் சார்பில் நன்றி. மண்வெட்டி இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், சங்கத்தில் பன்னிரண்டு இருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கரையில் நின்று பார்க்கட்டும். காலை ஐந்தேகாலுக்கு நான் மடையில் நிற்பேன். வணக்கம்.