மேடையை விட்டு இறங்கிய பிறகு

சென்ற பேச்சைக் கேட்டுவிட்டு ஓர் அன்பர் அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. "பிரிட்டன் ராக் குழு எக்ஸ்டிசியின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜ் மேடைக்குப் பயந்து ஒதுங்கியவர்தானே? அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?"

'பயந்து' என்ற சொல்தான் எனக்கு வலிக்கிறது. சிறு வயதிலேயே மருத்துவர்கள் அவருக்கு வேலியம் என்ற மன அமைதி மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். வளர்ந்து, குழு அமைத்து, எழுபதுகளின் இறுதியில் எழுந்த 'நியூ வேவ்' ராக் இசை அலையில் பெயர் பெற்று, ஊர் ஊராகப் பாடிய காலம் வரை அந்த மாத்திரை கூடவே வந்தது. கணவரின் நலம் நினைத்துத்தான் அவர் மனைவி ஒருநாள் அதைத் தூக்கி எறிந்தார். ஆனால் அந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். 1982 மார்ச்சில் பாரிஸ் மேடையில், முதல் பாட்டு தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் இறங்கிப் போய்விட்டார். ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரி ரத்தானது. கச்சேரிப் பயணங்கள் அதோடு முடிந்தன. அப்போது அவருக்கு வயது 28. அவர் எழுதிய பாட்டு ஒன்று பிரிட்டன் தரவரிசையில் பத்தாம் இடம் பிடித்து சில வாரங்களே ஆகியிருந்தன. உடல் நொறுங்கிய மனிதரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இறங்கிய பிறகு என்ன எழுதினார் என்று நீங்கள் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன்! தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்பது தெரிந்திருக்கும். கிங்க்ஸ் குழுவின் பாடலாசிரியர் ரே டேவிஸைப் பற்றிப் பேசியபோது, அவர் வளர்ந்த லண்டன் பகுதியான மஸ்வெல் ஹில்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன் அல்லவா? பாடலாசிரியனுக்கு ஓர் ஊர் வேண்டும். பார்ட்ரிட்ஜ் பிறந்தது மால்டா தீவில், தந்தை கடற்படைக்காரர். வளர்ந்ததும் வாழ்ந்ததும் இங்கிலாந்தின் ஸ்விண்டனில். ரயில் பட்டறையால் உருவான ஊர் அது. 1984இல் 'தி பிக் எக்ஸ்பிரஸ்' என்ற இசைத்தட்டை ரயில் சக்கரம் போன்ற வட்ட உறையில் கொண்டுவந்தார்கள். இரண்டே ஆண்டில், 1986இல், அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள்.

இடையில் ஒன்று. எக்ஸ்டிசியின் புகழ்பெற்ற 'மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்' பாட்டையும் பலர் இவர் பெயரில் எழுதிவிடுகிறீர்கள். அதை எழுதியவர் குழுவின் இன்னொரு பாடலாசிரியர் காலின் மோல்டிங். அவருக்குரியதை அவருக்குக் கொடுத்துவிடுவோம்.

அதே 1986இல்தான் 'டியர் காட்' வந்தது. கடவுள் இல்லை என்று நினைக்கும் ஒருவன் கடவுளுக்கே எழுதும் கடிதம். தொடக்க வரிகளைப் பாடுவது ஒரு சிறுமியின் குரல். திட்டுவது போலப் புகழும் நிந்தாஸ்துதி என்று எண்ணிவிடாதீர்கள். அதில் திட்டுக்கு அடியில் துதி ஒளிந்திருக்கும். இங்கே அந்த ஒளிவிடமே கிடையாது. ஆனாலும் கடிதம் எழுதாமல் அவனால் இருக்க முடியவில்லை. அந்தத் தவிப்புதான் பாட்டு. முதலில் அதை ஒரு தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, பாட்டு பரவியது. மேடையில் நில்லாதவரின் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறது, அன்பரே.

பிறகு அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான வர்ஜினோடு ஒப்பந்தத் தகராறு. 1992க்குப் பிறகு குழு வேலைநிறுத்தமே செய்தது. அடுத்த புதிய தொகுப்பு 1999இல்தான் வந்தது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

இன்று 1989க்குத்தான் போகவேண்டும். அந்த ஆண்டின் 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' தொகுப்பை லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்தார்கள். கச்சேரி ரத்தான அதே நகரம்! தொகுப்பின் கடைசிப் பாட்டில் ஒருவன் வானத்தில் மிதந்து போகிறான். புகழ் அவனை மேலே மேலே தூக்குகிறது. கீழே ஊர்ப்பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளும் குழந்தைகளும் அவன் காலைப் பிடித்துத் தரைக்கு இழுக்கிறார்கள். அவன் உதறவில்லை. ஹெட்ஃபோனில், இரவில், அந்தக் கடைசி நிமிடத்தைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.