பிள்ளை சலம் போகும்போது ஒருக்கால் பாருங்கள்

வணக்கம். சாப்பிட்டுக்கொண்டு கேட்கிறவர்கள் மன்னிக்கவேண்டும், நான் கதைக்க வந்திருப்பது சின்னப் பிள்ளைகள் சலம் போவதை, அதாவது ஒன்றுக்குப் போவதைப் பற்றி. நான் சத்திரசிகிச்சை நிபுணன் இல்லை. வன்னியில் பிள்ளைகள் வாட்டில் கனகாலம் நின்ற ஒரு டொக்டர், அவ்வளவுதான்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று வயதுப் பெடியன் ஒருவனை அவனுடைய அம்மம்மா காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார். சலத்தில் கிருமி இருந்தது, மருந்து கொடுத்தேன், சுகமாகிப் போனான். இரண்டு மாதத்தில் திரும்ப அதே காய்ச்சல், அதே மருந்து. மூன்றாந்தரம் வந்தபோது அம்மம்மாவே கேட்டார்: "ஐயா, இவன்ர தமையன் பெய்தால் வேலிக் கதியால் மட்டும் போகும். இவனுக்குக் காலடியில சொட்டுச் சொட்டா விழுந்து மணல்தான் குழியாகுது. இது வருத்தமோ?"

மூன்று தரமும் தொண்டையைப் பார்த்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அவன் சலம் போவதை ஒருதரம்கூட நின்று பார்க்கவில்லை. 'முக்குகிறானோ, நின்று நின்று போகிறதோ' என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவனுக்கு இருந்தது சலப்பாதையின் பின்பகுதியில் ஒரு வால்வு, அதாவது மெல்லிய சவ்வு மடிப்பு. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது, தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவது, 5000 முதல் 8000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். இரணைமடுக் குளத்து வாய்க்காலில் துருசை, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகை, முக்கால்வாசி அடைத்துவிட்டால் என்ன நடக்கும்? கீழ்வயலுக்குத் தண்ணீர் வராது, மேலே கட்டு முட்டிப் பெருகும். இங்கேயும் அப்படித்தான், சலப்பை தள்ளித் தள்ளித் தடித்துப்போகும், அதற்கு மேலுள்ள குழாய்கள் வீங்கும், கடைசியில் இரண்டு கிட்னிக்கும் அடி விழும். ஆனால் ஒன்று, சலம் நன்றாகப் பீறிட்டுப் போகிறது என்பதற்காக வால்வு இல்லை என்று அடித்துச் சொல்லமுடியாது. சலப்பை பலமாக இருந்தால் கொஞ்சக் காலம் சமாளித்துவிடும். ஆகவே திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலைச் சும்மா விடவேண்டாம்.

கண்டுபிடிக்கிற விதம் பெரிய மாயம் இல்லை. முதலில் ஸ்கேன். அப்புறம் மெல்லிய குழாயால் சலப்பைக்குள் ஒரு மருந்தை நிரப்பி, பிள்ளை சலம் போகும்போதே எக்ஸ்ரே எடுப்பார்கள். அடைப்பு எந்த இடத்தில் என்று படத்தில் தெரியும். பிறகு சலப்பாதை வழியாகவே கமரா விட்டு அந்த மடிப்பை வெட்டிவிடுவார்கள், வெளியில் ஒரு தழும்பும் இராது. சரி, வெட்டியாயிற்று, முடிந்ததா? அங்கேதான் எங்கள் ஆட்கள் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். நான்கு மணி பஸ்ஸைப் பிடித்து யாழ்ப்பாணம் போனால் தகப்பனின் ஒருநாள் கூலி போய்விடும், எனக்கும் தெரியும். ஆனால் தடித்த சலப்பை வெட்டியவுடன் பழையபடி மெதுமையாகாது, கிட்னி கனபேருக்கு வருடங்கள் கழித்துத்தான் களைக்கும். கிட்னி எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியற்றினினை இரத்தத்திலும், அதோடு பிரஷரையும் பார்த்துக்கொண்டே வரவேண்டும், மீசை முளைத்த பிறகும்.

பெண்பிள்ளைகளுக்கு வேறொரு கதை. ஒழுங்காக ஒன்றுக்குப் போவாள், போய்விட்டு வந்து ஐந்து நிமிடத்தில் கீழுடுப்பு ஈரம். இரவும் பகலும், எந்த நேரமும். "பிஞ்சில பழுத்தது, சோம்பேறி" என்று அடி வாங்கின பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கிட்னியிலிருந்து வரும் குழாய் சலப்பைக்குள் திறக்காமல், சலத்தை மறித்துப் பிடிக்கும் தசைக்குக் கீழே போய்த் திறந்திருந்தால் அந்தச் சொட்டை எந்தப் பிள்ளையாலும் அடக்கமுடியாது. அடித்து மாற்றுகிற வருத்தம் இல்லை அது, ஒப்பரேஷன் செய்தால் மாறும்.

ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் துவாரம் இருப்பது இவ்வளவு அரிதும் இல்லை. மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு விசயம்: அப்படித் துவாரம் இருந்தால் சுன்னத்துச் செய்யவேண்டாம், முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். அந்த முன்தோல்தான் பிறகு புதுப் பாதை கட்டுவதற்குத் தேவைப்படுகிற துணி, வெட்டி எறிந்துவிட்டால் தைப்பவர் என்ன செய்வார்?

பிறந்த பிள்ளை 24 மணித்தியாலத்துக்குள் சலம் போகாவிட்டால் வாட்டு மிஸியிடம் சொல்லுங்கள். தடிமல் இருமல் ஒன்றும் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அன்ரிபயோற்றிக் தொடங்க முன்னம் சலத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பம்பஸைப் பிழிந்து கொண்டுவரவேண்டாம். குளிர்ந்த ஈரத் துணியால் அடிவயிற்றை மெல்ல உரசினால் பல குழந்தைகள் தானாகவே பெய்யும், சுத்தமான போத்தலோடு காத்திருங்கள்.

இன்னொன்று, வவுனியாப் பக்கம் கிட்னி என்று வாயெடுத்தாலே கிணற்றுத் தண்ணீரைச் சொல்வார்கள். பெரியவர்களின் அந்த வருத்தம் வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது கருவிலேயே வந்தது, தாய் சாப்பிட்டதாலும் இல்லை, கிரகணம் பார்த்ததாலும் இல்லை. மாமிமார் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஒரு இளைஞன் வந்தான், அடிவயிற்றில் பழைய தழும்பு. சின்னனில் ஏதோ ஒப்பரேஷன், என்னவென்று அவனுக்குத் தெரியாது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி பையோடு போய்விட்டது என்றார் தாய். ஸ்கேன், இரத்தம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துத் தகப்பனுக்கு ஒன்று, கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று அனுப்பிவையுங்கள். சலம் கலங்கலாய்ப் போன படத்தை மட்டும் அவருக்கு அனுப்பாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.