நீ அரிசி, நான் உமி

"நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், கலந்து ஊதி ஊதித் தின்னலாம்" என்று ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஏமாற்றுக்காரனைக் கிண்டல் செய்ய வந்தது. இன்றைக்கு அந்த உமிக்காரனை அவ்வளவு லேசாக எடைபோட முடியாதுங்க, நிலக்கரிக்குப் பதிலாக ஆலை பாய்லரில் எரிக்க, லோடு பேசி முன்பணம் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். உமி, கரும்புச் சக்கை மாதிரிப் பயிர்க்கழிவை இப்படி எரிபொருளாக்குவதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

புழுங்கல் அரிசி போடுகிற ஒரு ரைஸ் மில்லை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். ஒரு கிலோ உமியில் சுமார் 3,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது, நம்மூர் நிலக்கரிக்குப் பக்கத்தில் வைத்தால் ரொம்ப மோசமில்லை. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கத் தேவைப்படும் சூட்டில் பெரும்பகுதியை அதே நெல்லின் தோல் கொடுத்துவிடுகிறது, லாரி வாடகை கிடையாது, மரம் வெட்டவில்லை, அந்தப் போகத்தில் பயிர் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் காற்றுக்கே திரும்புகிறது. இதைவிட நேர்மையான எரிபொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

வம்பு, உமி மில் கேட்டைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. ஒரு கன மீட்டர் இடத்தில் நூறு கிலோ சொச்சம்தான் பிடிக்கும் என்பதால், லாரி நிறைய ஏற்றினாலும் டீசல் போட்டு இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் காற்றைத்தான். சரி, அமுக்கிக் கட்டியாக்கலாம், அதற்கும் மின்சாரம் வேண்டும். அதோடு, இதே உமியைச் செங்கல் சூளைக்காரரும் கோழிப்பண்ணைத் தரையில் பரப்புகிறவரும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெரிய பாய்லர்காரர் விலையை ஏற்றிவிட்டால் சூளைக்காரர் எங்கே போவார்? விறகுக்குத்தான். கம்பெனியின் ஆண்டறிக்கையில் நிலக்கரி குறைந்திருக்கும், ஏதோ ஒரு கண்மாய்க்கரையில் மரம் குறைந்திருக்கும். (சீமைக்கருவேலமாக இருந்தால் நானும் கைதட்டுவேன், புளியமரமாக இருந்தால்?)

கரும்புச் சக்கையின் கதை இன்னும் சுவாரசியம். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஈரத்தோடு 300 கிலோ போலச் சக்கை தேறும். பழைய சர்க்கரை ஆலைகள் பாய்லரைச் சிக்கனமாக ஓட்ட மெனக்கெடவே இல்லை, மிச்சமானால் சக்கையை எங்கே கொட்டுவது என்கிற கவலை, எரிந்து தீர்ந்தால் போதும். அப்புறம் 1979-ல் தமிழக அரசு டிஎன்பிஎல் என்கிற காகித நிறுவனத்தைத் தொடங்கியது, 1984-ல் கரூர் மாவட்டத்துப் புகளூரில் சக்கையிலிருந்து காகிதம் வர ஆரம்பித்தது. சக்கையைக் கொடுத்துவிட்டால் ஆலை சாறு காய்ச்ச என்ன செய்யும்? பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ தருவதாக ஏற்பாடு. ஆக, காகிதத்துக்கு மரம் வெட்டுவது மிச்சம், சாறு காய்ச்ச நிலக்கரி செலவு. என்னைக் கேட்டால் நாரை நாராகப் பயன்படுத்துவதே மேல், ஆனால் அந்த நிலக்கரியையும் அதே நோட்டில் எழுதணும். கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுக்கும் ஆலைகளிலும், அரவை முடிந்த மாதங்களில் அதே பாய்லருக்குள் நிலக்கரி போவது உண்டு, பெயர்ப்பலகை மட்டும் வருஷம் முழுக்கப் பச்சை.

சாம்பலை யாரும் மேடையில் பேசுவதில்லை. எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சாம்பல் மிஞ்சும், 10 டன் உமிக்கு 2 டன் வரை என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கா. நிதானமான சூட்டில் எரிந்த சாம்பலை அரைத்துக் கான்கிரீட்டில் சிமெண்டுக்குத் துணையாகச் சேர்க்கலாம், சூடு மிஞ்சிவிட்டால் சிலிக்கா படிகமாகிவிடும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. உமிக்கரியில் பல் விளக்கிய தலைமுறைதான் நாம், அதற்காக மில் பக்கத்து வீட்டு மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியுமா?

அதனால் பயோமாஸ் பாய்லர், அதாவது பயிர்க்கழிவை எரிக்கும் பாய்லர் வைத்த ஆலைக்கு யாராவது கூட்டிப்போனால், புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் போய், "அண்ணே, உமி வண்டி எந்த ஊர்லருந்து வருது, சாம்பல் வண்டி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்பேன்.